தேடுவோர் கூடாரம்

ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். மகளும் புகுந்த வீட்டில் சுகம், இரண்டு கிலோ ஏறியிருக்கிறாள். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

போன் செய்தால் 'நல்லா இருக்கோம்' என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதம் என்றால் ஒரு பக்கமாவது நிரப்பித்தானே ஆகவேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டோம். மாமாவும் இவரும் பேசாமல் இருந்தால் நடுவில் கிடந்து முழிப்பது நாம்தான். மகள் கல்யாணம் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது, இவர் இன்னும் அந்த மண்டப வாசலிலேயே நிற்கிறார். பெண்ணைப் பெற்றவராகக் கைகூப்பி வரவேற்றுக்கொண்டு நின்றவரிடம் மாமா வந்து, "நீங்க மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களா?" என்று கேட்டாரே, கூட நின்ற பத்துப் பேரும் சிரித்துவிட்டார்கள். புதுச் சம்பந்தம் வந்ததும் அண்ணனை மறந்துவிட்டான் என்று குத்திக்காட்டினாராம். இவர் அப்படித்தான் சொல்கிறார். நீங்கள் இருவரும் சாப்பிடாமல் கிளம்பியதில் அது உறுதியாகிவிட்டது. தகப்பன் மாதிரி வளர்த்த அண்ணன் என்பதால் கோபமும் அந்த அளவுக்கு இருக்கிறது.

எனக்கு ஒரு யோசனை. ஏப்ரல் 10 முதல் நான்கு நாள் இங்கே ஆற்று மைதானத்தில் வருஷச் சந்தை. கூடை முடைகிறவர்கள், குயவர்கள், மரம் கடைகிறவர்கள் எல்லாரும் வருவார்கள். பாட்டு உண்டு, சாப்பாடு உண்டு. இவரும் தையல் மெஷினோடு ஒரு கடை போடுகிறார். எனக்கும் வேலை கிடைத்திருக்கிறது. தேடுவோர் கூடாரம் என்று ஒன்று உண்டு. காணாமல் போன பிள்ளைகளையும் பொருள்களையும் அங்கே கொண்டுவந்து விடுவார்கள். ஒலிபெருக்கியில் கூப்பிடுவது நான். வீட்டில் பேசுவது போதாதென்று ஊருக்கே பேசப்போகிறாள் என்று இவர் சொல்லிச் சிரிக்கிறார்.

கட்டாயம் வாருங்கள். மாமா ஒரே ஒரு வார்த்தை பேசினால் இவர் கரைந்துவிடுவார்.

பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கச்சி

பிப்ரவரி 6

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். கடிதம் கிடைத்தது. மகள் நன்றாக இருப்பதில் சந்தோஷம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறார்.

பஜாரில் இருந்த தையல் மெஷின் ரிப்பேர் கடையைக் காலி செய்துவிட்டோம். இப்போது வீட்டு முன்னறையிலேயே வேலை. தெரிந்தவர்கள் மட்டும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வாசலுக்குப் புதிதாக ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம்.

சந்தைக்கு வர முடியுமா தெரியவில்லை. கூரையில் ஒழுகுகிற இடத்தைப் பார்க்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு அவர் கேட்டது என் காதிலும் விழுந்தது. அது கிண்டல் இல்லை. அவர் மனசில் ஒன்றும் இல்லை. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

தம்பிக்கு என் விசாரிப்பு.

அக்கா

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம், எனக்குச் சளி மட்டும். நீங்கள் கஷாயம் போடாமல் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், முழங்காலுக்குச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். துணி வெட்டிக்கொண்டே கேட்டார். 'மனசில் ஒன்றும் இல்லை' என்ற இடத்தில் கத்தரி நின்றது. "ஒண்ணும் இல்லாதவர் ஒரு வரி எழுதட்டுமே" என்றார். அவ்வளவுதான், மறுபடி வெட்ட ஆரம்பித்துவிட்டார். ஆனால் அன்று ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டிவைத்தார். அதிலிருந்து எனக்கு நம்பிக்கை வந்திருக்கிறது.

மாமா தன் கையால் ஒரு வரி எழுதினால் போதும். 'தம்பி, சுகமா?' என்று இருந்தாலே போதும். பொடி எழுத்தானாலும் பரவாயில்லை.

சந்தைக் கமிட்டியில் எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெயர், வயது, என்ன உடுத்தியிருக்கிறார், எங்கே வரவேண்டும். இதை மூன்று தரம் சொல்லவேண்டும், சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது. ஒத்திகையில் தொலைந்த குடை ஒன்றைக் கொடுத்துக் கூப்பிடச் சொன்னார்கள். குடையின் கைப்பிடி அழகாக இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். செயலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஒரு வரி, அக்கா.

தங்கச்சி

மார்ச் 9

தங்கச்சிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அவருக்கு எழுதக் கை வரவில்லை. மெஷின் வேலைக்குக் கை வருகிறது, பேனாவுக்கு வரவில்லை. தம்பி தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் எழுதவேண்டும். ஆனால் எனக்குக் கொஞ்சம் கோபம். கை வரவில்லையென்றால் டாக்டரிடம் காட்டவேண்டும், அல்லது மனசு வரவில்லை என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். உங்கள் நாலு வரியை நான் இவரிடம் காட்டவில்லை.

இதற்குள் வேறொரு செய்தி வந்தது. இவருக்கு நூல் போடும் வியாபாரி போன வாரம் உங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். பஸ் நிறுத்தத்தில் மாமாவைப் பார்த்தாராம். மடியில் கருவிப் பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். வியாபாரி கணக்கு முடித்துக்கொண்டு மதியம் திரும்பும்போதும் அங்கேயே, அதே பெஞ்சில். எங்கள் ஊர் பஸ் இரண்டு அவர் முன்னால் வந்து நின்று போயிருக்கிறது. வியாபாரி பக்கத்தில் போனதும் மணி கேட்டிருக்கிறார், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டிருக்கிறார்.

இவர் அதைக் கேட்டுவிட்டு வாசலில் போய் நின்றார். "கிளம்பியிருக்கார். ஏறத்தான் மனசு இடம் குடுக்கலை" என்றார். இத்தனை மாதத்தில் அண்ணனைப் பற்றி நல்லதாகச் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

பெட்டியோடு கிளம்பி வந்து அரைநாள் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவருக்கும் பாசம் இருக்கிறது. நீங்கள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டால் போதும். தடுப்பது யார், அக்கா? நீங்களா?

தங்கச்சி

மார்ச் 28

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கு சுகம். அங்கும் அப்படியே இருக்கவேண்டும்.

வருகிறோம். சந்தையின் இரண்டாம் நாள், காலை பஸ். சாயங்காலமே திரும்பிவிடுவோம், இராத் தங்கச் சொல்லாதே. அவரைக் கூட்டத்தில் உட்காரவைத்து ஆளாளுக்கு 'என்னைத் தெரிகிறதா' என்று கேட்க வேண்டாம். தம்பியிடம் முதலில் நான் தனியாகப் பேசவேண்டும். அதற்குப் பிறகுதான் இருவரும் பார்க்கவேண்டும். இது ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

தடுத்தது நான்தான். நேரில் சொல்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

பஸ் ஏறும்போது ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? மாமா தூங்கினாரா?

சந்தையில் அந்த ஒரு மணி நேரம் மாமா எங்கே இருந்தார் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். பாதி நான் பார்த்தது, மீதி இவர் சொன்னது.

இவர் கடை கைவினை வரிசையில் இருந்தது, ஒரு பக்கம் கூடைக்காரி, மறுபக்கம் குயவர். கித்தான் பை தைத்து விற்றுக்கொண்டிருந்தார். அன்று காலையிலிருந்து மெஷின் மக்கர் செய்தது, தையல் விட்டு விட்டு விழுந்தது. எரிச்சலில் அப்படியே போட்டுவிட்டு டீ வாங்கப் போயிருக்கிறார். மேடையில் பிடில்காரர்கள் ஆரம்பித்த நேரம், கூட்டமெல்லாம் அந்தப் பக்கம். திரும்பி வந்தால் இவருடைய ஸ்டூலில் மாமா.

மெஷினைச் சாய்த்துவைத்து, ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். யாரும் கூப்பிடவில்லை. மக்கர் செய்த மெஷின் கண்ணில் பட்டிருக்கிறது, உட்கார்ந்துவிட்டார்.

இவருக்கு எட்டு மாதக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லையாம். அண்ணன் வாயால் சொல்ல மாட்டார், கையால் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார். டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, அவர் கழற்றிப் போடும் திருகாணிகளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டிருந்தார். பை வாங்க வந்தவர்களை அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பேசாததே நன்றாக இருந்தது என்கிறார்.

மெஷின் சீராக ஓடியது. மாமா ஒரு துண்டுத் துணியில் நேராக ஒரு தையல் போட்டு, நகத்தால் கீறிப் பார்த்தார். "காப்பாத்திட்டீங்கண்ணா" என்றார் இவர். வாடிக்கையாளர்கள் எல்லாரும் அண்ணா என்றுதானே கூப்பிடுகிறார்கள், மாமா அதைக் கண்டுகொள்ளவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம்:

"கூலியெல்லாம் வேணாங்க. எங்க வீட்டுக்கு எந்தப் பக்கம் போகணும்னு மட்டும் சொல்லுங்க."

இவர் சிரித்திருக்கிறார், பழைய கிண்டல்தான் என்று நினைத்து. அப்புறம்தான் மாமாவின் முகத்தைப் பார்த்தாராம்.

கூடாரத்துக்கு இரண்டு பேரும் கைகோத்து வருவதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எழுந்தே நின்றுவிட்டேன். இவர் கண்ணால் என்னை அடக்கினார். யாரோ எவரோ போல, "இவரோட வீட்டம்மாவைக் காணோமாம். கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார். மாமாவும், "ஆமாங்க. பச்சைச் சால்வை போர்த்தியிருப்பா. ரொட்டி வாங்கப் போனா. கூட்டம்னா அவளுக்குப் பயம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உங்கள் கடிதங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தன.

படிவத்தில், காணாமல் போனவர் என்ற இடத்தில், உங்களை எழுதினேன். பச்சைச் சால்வை போர்த்திய அம்மா, உங்கள் கணவர் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார், தேடுவோர் கூடாரத்துக்கு வரவும். மூன்று தரம் சொன்னேன். சொந்தச் சரக்கு எதுவும் சேர்க்கவில்லை. மூன்றாவது தரம் என் குரல் சரியாக வரவில்லை போலிருக்கிறது. மாமா என்னிடம், "நீங்க பதறாதீங்க, வந்துடுவா" என்று ஆறுதல் சொன்னார்.

நீங்கள் ரொட்டிப் பொட்டலத்தோடு ஓடிவந்தீர்கள். எங்கே போனாய் என்று அவர் அதட்ட, "வழி தெரியலைங்க, தப்புதான்" என்றீர்கள். இவர் கூடாரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

எத்தனை நாளாக, அக்கா?

தங்கச்சி

ஏப்ரல் 30

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். அவர் நன்றாகத் தூங்கினார்.

இரண்டு வருஷமாக. முதலில் கடையிலிருந்து வரும்போது பக்கத்துத் தெருவில் திரும்பிவிடுவார். பிறகு கிழமை மறந்தது. பிறகு ஆட்கள். வேலை மட்டும் தப்பவில்லை. கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் டாக்டர் சொன்னார், இது போகப்போகக் கூடும், குறையாது என்று. பஸ் நிறுத்தத்தில் வியாபாரி பார்த்த அன்று நான் அவரை நாலு தெரு தேடிக்கொண்டிருந்தேன்.

மண்டப வாசலில் தம்பியைப் பார்த்து அவர் கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்று என்று விளங்கிவிட்டது. அங்கேயே சொல்லியிருக்கலாம். அன்றைக்கு உங்கள் மகளைப் பற்றிப் பேசவேண்டியவர்கள் இவரைப் பற்றிப் பேசியிருப்பார்கள். கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கிண்டல் என்று நினைத்துக்கொண்டார்கள் என்று தெரிந்ததும், கிண்டல் இல்லை என்று ஒரு வரி எழுதியதோடு சரி, அதுவே இருக்கட்டும் என்று விட்டேன். பொல்லாதவர் என்றால் நாலு நாள் திட்டுவார்கள். இது தெரிந்தால் அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி என்னிடம் பேசுவார்கள். தம்பிக்கு எவ்வளவு வலிக்கும் என்று நான் கணக்கில் எடுக்கவில்லை. அது என் தப்பு.

சந்தையில் பொட்டலத்தை வாங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவர் கையை விட்டது அந்த அளவு நேரம்தான். திரும்பினால் இல்லை. எல்லா வரிசையிலும் ஓடினேன். கூடாரத்துக்கு மட்டும் வரவில்லை. அவர் பெயரை ஊர் கேட்கக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

அப்போது உன் குரல் கேட்டது. என்னைத் தேடுகிறார்கள் என்றாய். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. கேட்ட அந்த நிமிஷம், என்னையும் ஒருவர் தேடுகிறார் என்று மட்டும்தான் தோன்றியது. அழுதுவிட்டேன். தேன் விற்கிறவள் தண்ணீர் கொடுத்தாள்.

தம்பியைச் சாப்பிடச் சொல். அவர் சாப்பிட்டிருக்க மாட்டார்.

அக்கா

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குச் சுகம். இவருக்கு உடம்பு நலம், மனசைப் பற்றி எழுதத் தெரியவில்லை. உங்கள் கடிதத்தைத் தானே வாங்கிப் படித்தார். அன்று கடை திறக்கவில்லை. கல்யாண ஆல்பத்தை எடுத்து, வாசலில் இரண்டு பேரும் நிற்கும் அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தார். "முகத்துலயே தெரியுது. நான்தான் பார்க்கலை" என்றார்.

சனிக்கிழமை வரவேண்டும் என்கிறார், பயமாகவும் இருக்கிறது என்கிறார். மறுபடி 'நீங்கள் யார்' என்று கேட்டால் என்ன சொல்வது என்று என்னைக் கேட்கிறார். எனக்கு என்ன தெரியும்? நீங்கள் சொல்லுங்கள்.

தங்கச்சி

மே 18

தங்கச்சிக்கு,

சுகம். தம்பி தாராளமாக வரட்டும். 'என்னைத் தெரியலையா, நான்தான் உங்க தம்பி' என்று சொல்லவேண்டாம். தெரியவில்லையே என்று அவர் தவித்துப்போவார், இரண்டு நாள் சாப்பிட மாட்டார். ஒரு மெஷினைக் கொண்டுவரச் சொல். மெஷின் இருந்தால் யாரென்று கேட்க மாட்டார்.

அக்கா

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மகளுக்கு நல்ல செய்தி இருக்கிறது, அவளே உங்களுக்குச் சொல்வாள்.

பதினொரு சனிக்கிழமை ஆகிவிட்டது. வெள்ளி மாலை ஆனால் மெஷினின் ஒரு திருகைத் தளர்த்திவிட்டு, சாக்கில் சுற்றிவைக்கிறார். எதைத் தளர்த்துவது என்று யோசிக்கவே அரைமணி ஆகிறது. போன வாரம்போல் இருக்கக் கூடாதாம், அண்ணனுக்குச் சலிப்புத் தட்டிவிடுமாம். நேற்று மட்டும் மெஷின் இல்லாமல் திரும்பி வந்தார். இரண்டு கேள்வி கேட்டேன், கத்தரியைத் தேடுவதுபோல் போய்விட்டார். கத்தரி கையில்தான் இருந்தது. என்ன நடந்தது என்று நீங்களாவது எழுதுங்கள். என்னால் தாங்க முடியவில்லை.

தங்கச்சி

ஆகஸ்ட் 5

அன்புத் தங்கச்சிக்கு,

இருவரும் சுகம். மகள் போன் செய்தாள். அவரிடம் சொன்னேன், ரொம்பச் சந்தோஷப்பட்டார். மறுநாள் மறுபடி சொன்னேன், மறுபடி சந்தோஷப்பட்டார்.

சனிக்கிழமை நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முன்னறையில் பேசுவது எல்லாம் கேட்கும். வழக்கம்போல அவர் மெஷினைச் சாய்த்து வேலை பார்க்க, தம்பி தரையில் உட்கார்ந்து திருகாணிகளை வாங்கிக்கொண்டிருந்தார். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று அவர் கேட்டார். தம்பி ஊரைச் சொன்னார்.

"அங்கதான் என் தம்பி தையல் கடை வச்சிருக்கான். தெரியுமா?" என்றார் அவர்.

தெரியும் என்றார் தம்பி.

"எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கார்."

"எம்மேல ஏதோ கோவமா இருக்கான். என்னன்னு எனக்குத் தெரியலை. இவளும் சொல்ல மாட்டேங்கறா. பார்த்தீங்கன்னா வரச் சொல்லுங்க."

நான் எழுந்து கதவருகே போனேன். அவர் வேலையிலிருந்து தலை தூக்கவில்லை. தம்பி கையில் இருந்த திருகாணிகளைப் பார்த்துக்கொண்டே, "கோவமெல்லாம் இல்லையாம். அடுத்த சனிக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கார்" என்றார்.

அவர் வேலையை நிறுத்தினார். சாய்த்து வைத்திருந்த மெஷினைச் சுவரோரமாக நகர்த்திவைத்தார்.

"அப்ப நீங்க சனிக்கிழமை வராதீங்க. அவன் வர்ற அன்னிக்கு நான் வேலை வச்சுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமையே வந்து வாங்கிட்டுப் போயிடுங்க."

சரி என்று தம்பி சொல்லிவிட்டார். மெஷின் இங்கேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார், சனிக்கிழமை வெறுங்கையோடு மறுபடி வருவார். இரண்டு நாளும் இரண்டரை மணி நேரம் பஸ். நான் வேண்டாமென்றேன், கேட்கவில்லை. கடையை அந்த இரண்டு நாளும் நீ பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சனிக்கிழமைக்கு அவர் இப்போதே சட்டை எடுத்துவைத்திருக்கிறார். தினமும் ஒரு தரம் மடிப்புக் கலைத்துப் பார்த்துவிட்டு, எதற்கு என்று என்னைக் கேட்கிறார். தம்பி வருகிறார் என்கிறேன்.

உங்கள் சுகத்துக்கு எழுது.

அக்கா